விடுதிப் புத்தகத்தில் நான் திருத்தாத வரி

அன்று காலை மலைவிடுதியில் நாலு பேர் இருந்தோம். அறுபத்துநாலு வயது மலையேறி ஐயா. அவருக்குக் கார் ஓட்டி, புரொஜெக்டர் தூக்கி, கூட்டங்களில் சிலைட் மாற்றிப் போடும் நான். மியூனிக் பக்கத்துக் கார்ஹிங்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மதுரைக்காரர் ஒருவர். விடுதியை நடத்திய அம்மா. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. பிறகு பலர் கேட்டுப் பல தடவை சொன்னதில் இது எனக்கு மனப்பாடம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் ஹம்பேர்க்கில் கப்பலை விட்டு இறங்கி, கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் ஐயாவிடம் சேர்ந்தவன். கோடையில் அவர் பாறை ஏறுவார். குளிர்காலம் முழுக்க ஊர் ஊராக மண்டபங்களில் படம் காட்டிப் பேசுவார். பங்குனியில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு மலைக்குப் போய் அடுத்த வருஷப் பேச்சுக்குப் புதுப் படங்கள் எடுப்பார். அவர் மேலே போனால் எனக்குப் பயம். முகில் வந்தாலும் பயம். வெயில் எறித்தால் பனி இளகுமே என்று அதற்கும் பயம்.

“அண்ணே, கவலைப்பட ஒண்ணுமில்லேன்னா அதுக்கும் கவலைப்படுவீங்க போல,” என்பார் மதுரைக்காரர். அந்தக் குளிர்காலத்தின் கடைசிக் கூட்டம் அன்று இரவு எட்டு மணிக்கு எர்லாங்கனில். அதைப் பார்க்க அவரும் எங்கள் காரில் வருவதாக ஏற்பாடு.

மலைவிடுதிகளில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படுகிறவர் எந்தப் பக்கம் போகிறார் என்று விடுதிப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். ஆள் வராவிட்டால் மீட்புக்காரர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். ஐயாவின் கையெழுத்து ஒருவருக்கும் விளங்காது. எழுதுவது என் வேலை. முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில், ‘கிழக்கு முகடு, மதியம் திரும்புதல்’ என்று எழுதினேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்து, பிறகு எழுத்து எழுத்தாக இறக்கினேன். “ஒரு பிழையும் இல்லை,” என்றார் விடுதி அம்மா. எனக்குக் காது சூடாகிவிட்டது.

விடிந்ததும் ஐயா வாசலில் கட்டைகளைப் பூட்டியபடி வானத்தைப் பார்த்தார். அவர் ஜெர்மனில் சொன்னதை என் பேச்சில்தான் எழுத வருகிறது.

“இண்டைக்கு வெளிச்சம் மேற்குப் பள்ளத்திலதான் நல்லாயிருக்கும். நான் அங்கால போறன். புத்தகத்தில மாத்திவிடு.”

“கவனம் ஐயா. ரெண்டு மணிக்குக் கார் வெளிக்கிட வேணும்.”

“நீ ஒரு மணிக்கே காருக்குள்ள இருப்பாய், எனக்குத் தெரியும்,” என்று சிரித்துவிட்டுப் போனார்.

உள்ளே வந்து புத்தகத்தைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு வெட்டுக்கூட இல்லை. என் வரியைக் கோடு போட்டு வெட்டி, எழுத்துக்கூட்டத் தெரியாத புதுச் சொற்களை மேலே கிறுக்க வேண்டும். மதியம் வந்துவிடுவார்தானே, யார் இதைப் பார்க்கப் போகிறார்கள்? புத்தகத்தை மூடினேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் பயப்படவில்லை.

பெட்டிகளோடு நானும் மதுரைக்காரரும் பள்ளத்தாக்குக்கு இறங்கினோம். ஒரு மணி போனது. இரண்டு போனது. இரண்டரைக்கு, அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடையில் இருந்து விடுதிக்கு மதுரைக்காரர் போன் எடுத்தார். ஐயா அங்கும் இல்லை. உடனே மீட்புக்காரரைக் கூப்பிடுவதாக அம்மா சொன்னாராம். அவர்கள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்து ஏற வேண்டும். மதுரைக்காரர் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணே, எந்தப் பக்கம் போனாருன்னு கேக்குறாங்க. புக்ல கரெக்டா எழுதியிருக்கீங்கல்ல?”

“ஓம்,” என்றேன்.

“புக்ல இருக்கறபடிதான்,” என்று அவர் ஜெர்மனில் சொல்லி போனை வைத்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் பெரிய படிப்புப் படித்தவர். ஒரு வரியைத் திருத்தப் பஞ்சிப்பட்டுச் சோம்பலில் விட்டேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது வந்துவிடுவார், வந்தால் எல்லாம் சரி என்று மேற்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தால் போதும். ஒன்றும் அசையவில்லை. எழுந்து சொல், சொல் என்று எனக்கே சொல்லிக்கொண்டு இரண்டரை மணி நேரம் இருந்தேன்.

ஐந்து மணிக்கு விடுதி அம்மா கடைக்குப் போன் எடுத்தார். கிழக்கு முகட்டில் கட்டை போன தடமே இல்லையாம்.

“தம்பி, அவர் கிழக்கால போகேல்லை,” என்றேன் மதுரைக்காரரிடம்.

“என்ன சொல்றீங்க?”

“மேற்குப் பள்ளம். மாத்தச் சொன்னவர். நான் மாத்தேல்லை.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போனை எடுத்து, விடுதியின் எண்ணைத் திரும்பத் திரும்பச் சுழற்றினார். மீட்புக்காரர் இறங்கி, சுற்றி, மேற்கே வருவதற்குள் இருட்டிவிட்டது. பனி எந்த நேரமும் சரியலாம், வெளிச்சம் இல்லாமல் ஆட்களை அனுப்ப ஏலாது என்றார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரைக் கண்டார்கள். பனிச்சரிவு இடுப்பு வரை மூடி, ஒரு கால் முறிந்து, உயிரோடு. முறிந்த கால் பிழைத்தது. குளிரில் உறைந்துபோன மற்றக் காலின் பாதத்தைப் பாதியில் எடுத்தார்கள். முதல் நாள் இருட்டுமுன் கொண்டுவந்திருந்தால் விரல்கூடப் போயிராது என்று டொக்டர் சாதாரணமாகச் சொன்னார். அதோடு ஐயாவின் மலை முடிந்தது.

ஆஸ்பத்திரியில் அவர், “உன்னட்டைச் சொல்ல மறந்துபோனன் போல,” என்றார். அது போதும், பேசாமல் இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

மீட்புச் செலவுக்கு இரண்டு பில்கள் வந்தன. மேற்குப் பள்ளத்துக்கு ஒன்று, கிழக்கு முகட்டில் வீணாய்த் தேடியதற்கு ஒன்று. முதலாவதை அவர் வைத்துக்கொண்டார். இரண்டாவதை என் பக்கம் தள்ளினார்.

“இது உன்ரை.”

எண்ணூற்று நாற்பது மார்க். அதை அவரே கட்டிவிட்டு, என் சம்பளத்தில் மாதம் இருபது பிடித்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. பழையபடி சிரிக்கவும் இல்லை. இருபத்தொன்பதாம் மாதம் பிடித்தபின் இறந்துபோனார். மிச்சத்தோடு அவருடைய தங்கையிடம் போனேன். அப்படி ஒரு கணக்கே தனக்குத் தெரியாது என்று கதவைச் சாத்தினார். மீட்புக்காரரிடம் போனேன், பில் எப்போதோ கட்டியாயிற்று என்றார்கள். வாங்க ஆளில்லை. இருநூற்று அறுபது மார்க் இன்னும் கொடுக்கக் கிடக்கிறது.