குறைத்து எடுத்த படம்

பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்கப் பொறுக்காதவள் நான். அப்படிப்பட்ட என்னிடம்தான், தொண்ணூறுகளின் நடுவில், அப்பாவை முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வைக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றின் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்த இரண்டாம் வருஷமே மறதி தொடங்கியது. விடிந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்கு ரயில் பிடிக்கக் கிளம்பிவிடுவார். ஸ்டேஷனுக்கு ஓடி அவரைக் கூட்டி வருவதே என் காலை வேலை. என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. அம்மாவை மட்டும் தெரிந்தது.

டாக்டர் ஒரு நம்பிக்கை கொடுத்தார். சில பேருக்கு மூளையில் நீர் சேர்ந்தாலும் இப்படி வரும், அதை வடித்துவிட்டால் தேறிவிடுவார்கள், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அம்மா மாங்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். புருஷன் மண்டையில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நானும் வேண்டினேன்.

நகருக்குள் இருந்த ஸ்கேன் சென்டருக்கு வாடகைக் காரில் போனோம். மயக்க மருந்தை அப்பாவின் நெஞ்சு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். விழித்தபடியே படுக்க வேண்டும். குழாய் போன்ற மெஷினுக்குள் தலை போனது, டக்டக்கென்று சத்தம் ஆரம்பித்தது, ஐந்து நிமிஷத்தில் அப்பா எழப் பார்த்தார். படம் கலங்கிப்போனது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி எழுந்தார். நான் உள்ளேயே நின்று அவர் காலைப் பிடித்திருந்தேன். மெஷினை இயக்கியவர் சென்னையில் பாடி என்ற ஊரைச் சேர்ந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்து, "நைனாகூட பரவால்ல மேடம். நீங்கதான் நிக்காம ஆடிக்கினே கீறீங்க" என்றார். எரிச்சலாக வந்தது. உண்மை என்பதால் இன்னும் எரிச்சல்.

மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. ஒரே சத்தம் ஓடும்வரை அப்பா கல்லாகக் கிடந்தார். சத்தம் மாறியதும் கை பக்கவாட்டில் எதையோ தேடியது. சுவிட்சைத் தேடுகிறார். ஓடும் மெஷினில் சத்தம் மாறினால் முதலில் நிறுத்து, பிறகு பார் என்பது அவர்கள் ஷாப்பில் சட்டம். வீட்டில் மிக்சி சத்தம் மாறினாலே ஓடி வந்து அணைப்பார், சட்னி பாதியில் நிற்கும். பெண்ணின் பெயர் போயும் இது போகவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பாடிக்காரரிடம் சொன்னேன். அவருடைய அப்பாவும் ஃபேக்டரி ஆள்தானாம், விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சத்தமும் ஒரு தனிப் படம், ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி எடுக்கலாம் என்றார். எல்லாம் எதற்கு, நீர் இருக்கிறதா என்று பார்க்க எது தேவையோ அதை மட்டும் எடுங்கள் என்று நான் விரட்டினேன். அவர் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். மூன்று போதும் என்று பதில் வந்தது.

ஒரு சத்தம் முடிந்ததும் அப்பாவை வெளியே இழுத்து உட்கார வைப்போம். மெஷின் நின்றுவிட்டது என்று பாடிக்காரர் சொல்வார். அப்பா திருப்தியாகத் தலையாட்டி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுப்பார். மூன்று படங்களும் எடுத்து முடிக்கக் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அன்று மாலையே டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். இவ்வளவு தெளிவாக விழும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். நீர் இல்லை, கட்டியும் இல்லை, மூளை சுருங்கியிருக்கிறது, குணப்படுத்த மருந்து கிடையாது என்றார். அப்பா அந்தப் படத்தை யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பாடியில் லாரிகளுக்கு நடுவே கார் மாட்டிக்கொண்டது. அம்மா, என் பக்கம் திரும்பாமலே, "உனக்கு எப்பவும் அவசரம். முழுசா எடுத்திருந்தா தண்ணி இருக்கறது தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

அந்த மூன்று படங்களே போதும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், எடுக்காமல் விட்ட படங்களில் எதிலாவது ஒரு சொட்டு இருந்திருக்குமோ என்ற எண்ணம், அப்பா போய் இத்தனை வருஷமாகியும் என்னை விடவில்லை.