கொக்கியைக் காட்டாத கேட்டலாக்குகள்

1. வெறுங்கை வாசல்

ஒரகடத்தில் எங்கள் கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்புக்குள் யாரும் கைக்கடிகாரத்தோடு நுழையக் கூடாது. மோதிரம் கூடாது, வளையல் கூடாது. பெல்ட் பக்கிளுக்கு மேல் துணி உறை. விரலோடு ஊறிப்போன கல்யாண மோதிரத்துக்கு டேப் சுற்று. புதுப் பெயின்ட்டின் மேல் உலோகம் உரசக் கூடாது, அவ்வளவுதான் விதி.

மீறி உரசினால் அந்தக் கீறலைப் பிடிப்பது என் வேலை. ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். டியூப்லைட் வரிசைக்கு அடியில் வண்டி வந்து நிற்கும். பானெட்டில் விளக்கின் பிம்பம் நேராக ஓடினால் வண்டி போகும். நெளிந்தால் நிற்கும். நெளிந்ததற்குக் காரணம் எழுதி நான் கையெழுத்துப் போடும்வரை நிற்கும்.

நாள் முழுக்கப் பளபளப்பையே பார்ப்பவனுக்கு எந்தப் பைத்தியம் பிடிக்கும்? எனக்குக் கடிகாரக் கேட்டலாக் பைத்தியம் பிடித்தது. வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் கம்பெனி காரில் விட்டுப்போன கேட்டலாக்கை டிரைவர் என்னிடம் நீட்டினார். "இந்தா சார், வழவழன்னு கீது. புள்ளைங்க புக்குக்கு அட்டை போட ஆவும்." அட்டை போட மனம் வரவில்லை. படித்தேன். அப்புறம் கெஸ்ட் ஹவுஸில் கிடந்தது, ஏர்போர்ட் போய்வந்தவர்கள் தந்தது என்று குன்றத்தூர் வீட்டில் பீரோவின் மேல் ஒரு அடுக்கு எழுந்தது. லீவு நாளில் தரையில் பரப்பி ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பேன். எல்லாம் அதே ஸ்டீல். ஒரு கம்பெனி அதைக் கடல் என்கிறது. இன்னொன்று நிலா என்கிறது. மூன்றாவது, அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் பரம்பரை என்கிறது. எல்லாப் படத்திலும் மணி பத்து பத்து. விலை மட்டும் எதிலும் இல்லை.

இன்னொன்றும் இல்லை. கடிகாரத்தின் முகத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறவர்கள், மணிக்கட்டின் அடியில் இருக்கும் கொக்கியைக் காட்டுவதேயில்லை. மேஜையில் உரசுவதும் சட்டை நூலை இழுப்பதும் அந்தக் கொக்கிதான். என் தொழில் கண் அதைத்தான் தேடும். எப்போதாவது கடைசிப் பக்கத்தில், தபால்தலை அளவில் ஒரு படம் கிடைக்கும்.

2. செருப்பு வார்

2012 என்று நினைவு. எங்கள் பிளான்ட் ஹெட் வெளிநாட்டுக்காரர். பதவிக்காலம் முடிந்து ஊருக்குக் கிளம்பினார். எச்.ஆர். மேனேஜர் ராகவன் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் கேட்டலாக்கு, இங்க வா. ஹெட்டுக்கு நல்ல வாட்ச்சா ஒண்ணு குடுக்கணும். நீதான் இதுல டாக்டர் பட்டம் வாங்கினவனாச்சே. நாலு கடை ஏறி, கேட்டலாக் வாங்கி, கம்பேர் பண்ணிக் குடு."

யூனிஃபார்மோடு சென்னைக்குப் போனேன். முதல் ஷோரூமிலேயே ஏ.சி.யை விடக் குளிராக ஒரு பையன் எதிரில் வந்தான்.

"கேட்டலாக் கஸ்டமர்ஸுக்கு மட்டும்தான் சார்."

"நான் கஸ்டமர் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் சட்டைப் பைமேல் தைத்திருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தான். அவன் கண் சொன்னது போதும். ராகவனுக்கு போன் போட்டு அவனிடமே கொடுத்தேன். பேசி முடித்ததும் அதே வாய், "உக்காருங்க சார், காபியா டீயா?" என்றது. எதுவும் வேண்டாமென்று வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டேன்.

நான்கு கேட்டலாக். கறுப்பு அட்டை, பச்சை அட்டை, சாம்பல் அட்டை, துணி அட்டை. பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்த்து சாம்பல் அட்டைக்காரனைச் சொன்னேன். மெலிந்த கடிகாரம், தோல் வார், சின்னக் கொக்கி, விளிம்பெல்லாம் மழுங்கல்.

"தோல் வாரா? செருப்பு வார் மாதிரி இருக்குமேய்யா!"

"சார், ஹெட்டு வண்டியத் தொட்டுத் தொட்டுப் பாக்குற ஆளு. பச்சை அட்டையில இருக்கிறது ஸ்டீல் பட்டை. அடியில ரெண்டு விரல் அகலத்துக்கு மடிப்புக் கொக்கி."

"கொக்கி எவன் கண்ணுக்குத் தெரியப் போவுது? போட்டோல தெரியணும்யா, போட்டோல."

பச்சை அட்டையே வந்தது.

3. தட்டு

செல்வி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். படப்பையில் மூன்று தோழிகளோடு ஒரு ரூமில் இருந்தாள். எங்களிடம் ட்ரெய்னி. அந்த மாதம்தான் அவளைப் பெர்மனென்ட் ஆக்குவதா, அனுப்பிவிடுவதா என்ற முடிவு வரவேண்டியிருந்தது. பெயின்ட் ஷாப் வாசலில் பிளாஸ்டிக் தட்டோடு நின்று ஒவ்வொரு கையையும் பார்ப்பது அவள் டூட்டி. யாரையும் விடமாட்டாள்.

"அண்ணே, டேப்பு பிரிஞ்சு மோதிரம் எட்டிப் பாக்கு. கழத்துனா மதினி வைவாகளோ?" என்று என்னையே நிறுத்தியவள்.

எங்கள் பிளான்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. விடைபெறும் பெரிய அதிகாரி, அந்த நேரத்தில் லைனில் வந்து நிற்கும் வண்டியின் பானெட்டை உள்ளங்கையால் தடவிக் கொடுத்துவிட்டுப் போவார். ஹோல்டு பே, அதாவது குறையுள்ள வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் இடத்தை அதற்காகக் காலி செய்து, மேடை போட்டு நாற்காலி அடுக்கியிருந்தார்கள். மேடையில் மாலை, சால்வை, கைதட்டல். கடிகாரத்தை அங்கேயே கையில் மாட்டிவிட்டார்கள். மாட்டிய கையோடு அவர் பெயின்ட் ஷாப் வாசலுக்கு வந்தார். பின்னால் ராகவனும் போட்டோக்காரரும்.

செல்வி தட்டை நீட்டினாள். "சார், வாட்ச்."

அவர் சிரித்துக்கொண்டே மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். அவள் பார்த்து ரசிக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

செல்வி தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். "கழத்தி இதுல வைங்க சார்."

"ஏம்மா, அறிவில்ல உனக்கு? யார்கிட்ட என்ன பேசற? தள்ளு!" என்று ராகவன் பாய்ந்தார். தட்டு நகர்ந்தது. கடிகாரம் உள்ளே போனது.

கறுப்பு வண்டி. அவர் பானெட்டில் கைவைத்து, குதிரையைத் தடவுகிற மாதிரி நீளமாக ஒரு தடவு தடவினார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது, சர்ரென்று. போட்டோக்காரர் எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். டியூப்லைட்டின் பிம்பம் பானெட்டில் ஓரிடத்தில் முடிச்சு விழுந்து நின்றது.

பார்க்காதவர் யாருமில்லை. பார்த்தேன் என்றவரும் யாருமில்லை.

4. காரணம்

கூட்டம் விருந்துக்குப் போனது. ராகவன் மட்டும் என்னிடம் வந்தார்.

"ஆபரேட்டர் ஹேண்ட்லிங்னு போட்டுட்டு வண்டிய அனுப்பு."

"எந்த ஆபரேட்டர் சார்?"

"அந்த வாசல்ல நின்ன பொண்ணு ஒழுங்கா செக் பண்ணல. மெமோ ரெடி ஆயிட்டிருக்கு."

வாழ்க்கையில் பல பொய்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சூடான பொய்யைக் கேட்டதில்லை. நடந்து ஒரு டீ ஆறுவதற்குள், நடந்ததற்கு நேர் எதிராகச் சொன்னார். அத்தனை பேரில் விதிப்படி நடந்தவள் அவள் ஒருத்தி. அந்த விதியை மீறினாள் என்று அவளுக்கே மெமோ! ட்ரெய்னிக்கு மெமோ என்றால் பெர்மனென்ட் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

செல்வி அழவில்லை. லாக்கர் பக்கம் நின்று கொதித்தாள். "தடுத்ததுக்கு அறிவில்லைன்னாரு. இப்பத் தடுக்கலைன்னு மெமோங்காரு. நா என்னதாம்ணே செய்யணும்? என்ன செஞ்சிருக்கணும்னு யாராவது சொல்லுங்க, அடுத்த பெறவியிலயாவது செஞ்சிக்கிடுதேன்."

விருந்து நடந்த ஹாலுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பிளான்ட் ஹெட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் திருப்பி, முதல்முறையாகக் கொக்கியைப் பார்த்தார். முகம் சிவந்தது. "ராகவன் பார்த்துக்கொள்வார்" என்றார். ஏர்போர்ட்டுக்குக் கார் தயாராக நின்றது. போய்விட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். காரணம் எழுதவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

கறுப்பு வண்டி அசையாமல் நின்றது. மற்ற நாளென்றால் ஹோல்டு பேயில் தள்ளி வைத்துவிட்டு லைனை ஓட்டுவார்கள். இன்றைக்கு அங்கே மேடை நின்றது, நாற்காலி நின்றது, வாழ்த்து பேனர் தொங்கியது. தள்ள இடமில்லை. பின்னால் அடுத்த வண்டி வந்து முட்டாமல் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. லைன் நின்றதற்கான மணி அலற ஆரம்பித்தது.

புரொடக்‌ஷன் மேனேஜர் குமார் விருந்துக் கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தார். "யோவ், இன்னாய்யா இது? வண்டிங்கல்லாம் க்யூ கட்டிகினு நிக்குது!"

"காரணம் எழுதணும் சார்."

"எழுதேன்! கை சுளுக்கிகிச்சா?"

"நடந்ததையே எழுதட்டுமா?"

ராகவன் குறுக்கே விழுந்தார். "அது ஹெட் ஆபீஸ் ரிப்போர்ட்ல போவும் குமார்! ஹெட்டு பேரு வரக் கூடாது!"

"அப்ப நீ வந்து அந்த நாலு வண்டியையும் தலையில தூக்கி வெச்சுக்கோ. என் லைனு நிக்குதுய்யா!" குமார் என் பக்கம் திரும்பினார். "எந்தக் கருமத்தையாவது எழுதி வண்டிய வுடு."

அவர் நியாயத்துக்காகப் பேசவில்லை, லைனுக்காகப் பேசினார். எனக்கு அது போதுமாயிருந்தது. எழுதினேன்: 'பிளான்ட் ஹெட்டின் கைக்கடிகாரக் கொக்கி. வாசலில் ட்ரெய்னி செல்வி தடுத்தார். எச்.ஆர். மேனேஜர் உள்ளே அனுமதித்தார்.' கையெழுத்துப் போட்டேன். குமார் படிக்காமலே எதிர்க் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? பாலிஷ்காரர் ஒரு பாட்டை முணுமுணுத்து முடிப்பதற்குள் காணாமல் போய்விட்டது. வேலை அவ்வளவுதான். அதற்குத்தான் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கேட்டார்கள்.

5. அப்புறம்

மெமோ வரவில்லை. செல்வி பெர்மனென்ட் ஆனாள். மன்னிப்பு என்ற சொல் எந்த வாயிலிருந்தும் வரவில்லை. என் அப்ரைசலில் 'ஒத்துழைப்பு குறைவு' என்று எழுதியிருந்தது. ராகவனின் கையெழுத்து அழகாகவே இருக்கும்.

ஆனால் செல்வியை அந்த வாசலில் மறுபடி நிறுத்தவில்லை. உப்புத்தாள் தேய்க்கும் இடத்துக்கு மாற்றினார்கள். "வாசல்ல நிக்கத் தெரியாதவளாம்ணே நானு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு அழுதிருக்கலாம்.

வாசலுக்கு வந்த புதுப் பெண்ணிடம், விசிட்டர்களிடம் தட்டை நீட்டாதே என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். "அப்படீன்னா அதையும் விதிப் பலகையில எழுதிடுங்க சார்" என்று ராகவனிடம் சொன்னேன். "அதெல்லாம் எழுதுவாங்களாய்யா?" என்றார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

அன்று தெரிந்துகொண்டேன். பலகையில் எழுதிய விதி நமக்கு. எழுதாத விதி அவர்களுக்கு. இரண்டும் மோதும்போது, கீறல் யார் பெயரில் விழவேண்டும் என்பதும் முன்பே முடிவாகியிருக்கிறது. புதிதாக லைனுக்கு வருகிற தம்பிகளே, தங்கைகளே, காரணம் எழுதும் இடத்தில் ஒருநாள் உங்களையும் உட்கார வைப்பார்கள். பின்னால் மணி அலறும். மேனேஜர் கத்துவார். கண்ணால் கண்டதை எழுத விடுகிறவரைக்கும் பேனாவை மூடியே வையுங்கள்.

வண்டி நிற்கட்டும்.