எல்லைக்கு அப்பால் ஓர் உடைப்பு

செழியன் வேற்று நாட்டுச் சிறையிலிருந்து விடுதலையாகி ஊர் திரும்பிய அன்று, கும்பகோணம் ரயில் நிலைய வாசலில் அவனைவிட இரண்டு மடங்கு உயரத்தில் அவன் படம் நின்றது. பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ். மீசையைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், ‘எதிரியைத் துரத்தி எல்லை கடந்த எங்கள் மண்ணின் சிங்கமே, வருக’ என்றிருந்தது. அதைப் படித்ததும் சிங்கம் ஃப்ளெக்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டது. ஒரு மாலைக்கும் அடுத்த மாலைக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் மனைவி வானதியின் காதோரம் குனிந்து, “இத மேல உள்ளவங்க பாத்தா என் வேலைக்கு உலை வச்சுருவாங்க” என்றான்.

எல்லை கடந்தது நிஜம். துரத்தியது சுத்தப் புளுகு. நிஜமாக நடந்ததைக் கேட்டால், ஃப்ளெக்ஸ் வைத்தவரே வெட்கப்பட்டு அதை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார்.

செழியனுக்கு ஊர் கீழ ஆலங்கரை. திருவிடைமருதூரிலிருந்து மினி பஸ்ஸில் அரை மணி. அவன் அப்பா ரெத்தினம் வாழ்நாளெல்லாம் மற்றவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். கடைசிக் காலத்தில் அதே வயல்களுக்கு நடுவே ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். மகன் பிளஸ் டூ முடித்த கையோடு படையில் சேர்ந்து இப்போது பதினாறு வருஷம். வடக்கே எல்லைக் காவல். ஊருக்கு எல்லாமே மிலிட்டரிதான். ஆனால் மிலிட்டரி அவன் இடுப்புக்கு மேலேதான் ஏறியது. கால் இன்னமும் சேற்றுக்கால். லீவில் வந்தால் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். என்னைப் பார்க்க வருகிறாரா, வாய்க்காலைப் பார்க்க வருகிறாரா என்று வானதி கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டாள்.

அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தானே, அவளுக்கும் தெரியும். வரப்பில் உடைப்பைக் கண்டால் நம்மூர் ஆட்கள் அடைக்காமல் கடந்து போக மாட்டார்கள். நண்டு வளை ஒன்று போதும். விரல் கனத்தில் தண்ணீர் ஒழுக ஆரம்பிக்கும். அரை மணியில் ஆள் இறங்கும் அளவுக்கு வாயைப் பிளந்துவிடும். நட்டு மூன்று நாளான பயிர் என்றால் அத்தனையும் வேரோடு மிதக்கும். ஆகையால் அது பங்காளி வயலா பகையாளி வயலா என்ற பஞ்சாயத்தெல்லாம் அடைத்த பிறகுதான். வைக்கோலைத் திருகி ஓட்டையில் திணித்து, மேலே மண் போட்டு மிதிக்க வேண்டும். வைக்கோல் இல்லாமல் வெறும் மண்ணைக் கொட்டினால் தண்ணீர் அதையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

இந்தப் பழக்கத்தைச் செழியன் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போனதுதான் வினையாயிற்று.

போன ஜூலையில் நடந்தது. அங்கே முள்வேலிக்கு வெளியே, எல்லைக் கல் வரைக்கும் நம் விவசாயிகளின் வயல்கள் உண்டு. அவர்கள் நடவு நடும்போது இரண்டு ஜவான்கள் காவலுக்குக் கூடப் போவார்கள். அன்று செழியனும் இன்னொருவனும். கல்லுக்கு அந்தப் பக்கமும் வயல்தான், அதிலும் நெல்தான், அதுவும் புது நடவு. அந்த நாட்டின் பெயரைச் சொல்வானேன், பேப்பரில் போட்டு ஆகிவிட்டது. பதினைந்தடி தள்ளி, ஒரு கரும்புக் கொல்லையின் ஓரத்தில், அவர்களுடைய வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டது. வயல்காரன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. தண்ணீர் பயிரைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தது.

செழியன் ஒரு நிமிஷம் பார்த்தான். இரண்டு நிமிஷம் பார்த்தான். அப்புறம் துப்பாக்கியைக் கூட நின்றவன் கையில் திணித்துவிட்டு, நடவாட்கள் வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். வைக்கோல் தேடினால் ஒரு துரும்பு இல்லை. யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிச் சுருட்டி ஓட்டையில் அடைத்தான். மேலே மண்ணை இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தபோது முதுகில் துப்பாக்கி முனை இடித்தது. திரும்பிப் பார்த்தால் நான்கு பேர், நான்கும் வேற்று யூனிஃபார்ம்.

எழுபத்து மூன்று நாள். அடித்தார்களா என்று இப்போது ஊரில் யார் கேட்டாலும், அதெல்லாம் பரவாயில்லை, சோற்றைத்தான் கண்ணில் காட்டவில்லை என்று சிரித்து மழுப்பிவிடுவான். அங்கே கேட்ட கேள்வி ஒன்றேதான். சட்டை எங்கே? உங்கள் வாய்க்காலில் இருக்கிறது என்று இவன் சொன்னான். உளவு பார்க்க வந்தவன் உடையை மாற்றத்தான் கழற்றினான் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன் என்று கெஞ்சியும் பார்த்தான். நெல் வயலில் இறங்கி பூட்ஸை நனைக்க அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. உள்ளே படுத்திருந்தபோது வானதியை நினைத்தான், வேலையை நினைத்தான், இனி ஊரைப் பார்ப்போமா என்று நினைத்தான். அதற்கெல்லாம் நடுவே, அந்த அடைப்பு நின்றதா பிய்த்துக்கொண்டதா என்பதும் வந்து வந்து போகும். தலையெழுத்து, வேறென்ன சொல்வது.

இங்கே வானதி திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் போய் வரிசையில் நின்றாள். மத்திய அரசு பேசிக்கொண்டிருக்கிறது என்ற ஒரே பதிலை ஒவ்வொரு திங்களும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பதினோராவது திங்கள் அவள் போக வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே எல்லைக் கதவில் அவனைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டார்கள். ஏன் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதற்காவது காரணம் சொன்னார்கள், ஏன் விட்டார்கள் என்பதற்குச் சொல்லவே இல்லை.

வந்த பிறகு நம் ஆட்கள் ஆரம்பித்தார்கள். அவர்களும் அதே கேள்விதான். சட்டை எங்கே? கூட நின்ற ஜவான் பாவம், பார்த்ததைச் சொல்லியிருந்தான்: துப்பாக்கியைக் கொடுத்தார், எல்லை தாண்டி ஓடினார், சட்டையைக் கழற்றினார், அதற்கு மேல் நான் நின்ற இடத்துக்குக் கரும்பு மறைத்துவிட்டது. இதைக் கேட்கிற எவருக்கும் என்ன தோன்றும்? ஆயுதத்தையும் உடையையும் போட்டுவிட்டு எதிரிப் பக்கம் ஓடப் பார்த்தவன். அது ருசுவானால் டிஸ்மிஸ். பதினாறு வருஷச் சர்வீஸ் போகும். அதைவிட, ஓடிப்போனவன் என்ற பெயர் சாகும்வரை கூடவே வரும்.

டாக்டர் ஒருவர் நல்ல மனசோடு வழி சொன்னார். வெயிலில் தலை சுற்றியது, திசை தெரியாமல் நடந்துவிட்டேன் என்று எழுதிக் கொடு, சுலபமாக முடிந்துவிடும் என்றார். செழியனுக்குக் கை வரவில்லை. தலையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது சார், உடைப்பை அடைக்கத்தான் போனேன் என்று பழைய பல்லவியையே பாடினான். கடைசியில் அவனை லீவில் அனுப்பி, ஓர் அதிகாரி ஊருக்கே வந்து விசாரிப்பார், அதுவரை நடந்ததைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

வாய் திறக்கக் கூடாது என்பதுதான் கொடுமை. ஊரே சிங்கம் சிங்கம் என்கிறது. இவனால் ‘துரத்தல’ என்று மட்டும் சொல்ல முடிந்தது. தாசில்தார் பாராட்டுப் பத்திரம் தயார் செய்து கொண்டுவந்தார். அந்த வார்த்தையை எடுத்துவிடச் சொன்னான். துரத்தியதை எடுத்துவிட்டால் பாராட்டுவதற்கு என்னதான் இருக்கிறது என்று அவர் நியாயமாகவே கேட்டுவிட்டு, பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அதிகாரி வந்தது அக்டோபரில், சம்பா நடவு மும்முரத்தில். ராஜஸ்தான்காரர். ஜீப்பிலிருந்து இறங்கி, நாலாப் பக்கமும் நிற்கிற தண்ணீரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஊர் வி.ஏ.ஓ. இசைவாணிதான் மொழிபெயர்ப்பு. அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இந்தி தெரியாது. நடுவே ஆங்கிலம் நொண்டியபடி போய் வந்தது. காலையிலேயே ஏழெட்டுப் பேர் வந்து தங்கம், வைரம் என்று செழியனைப் புகழ்ந்து தள்ளினார்கள். அதிகாரி ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. நோட்டை மூடிவிட்டு, இவனைப் பிடிக்காதவர் ஊரில் யாராவது உண்டா என்று கேட்டார்.

இசைவாணியின் கை தானாகவே தங்கையனின் போர்செட் பக்கம் நீண்டுவிட்டது.

தங்கையன் பக்கத்து வயல்காரர். ரெத்தினம் கூலிக்கு இறங்கியதே அவர் வயலில்தான். அந்த வீட்டுப் பிள்ளை தனக்குச் சமமாகப் பக்கத்தில் பட்டாவோடு நிற்பது அவருக்கு என்றைக்கும் தொண்டையில் முள்தான். வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி அகலம் என்று பொது வரப்பைச் செதுக்கிக்கொண்டே வந்தார். ஆறு வருஷத்துக்கு முன் செழியன் சர்வேயரைக் கூட்டிவந்து கல் நட்டான். அன்றோடு பேச்சு அறுந்தது. அதிகாரி எப்படியும் அவரிடம் போவார் என்று பயந்து, முதல் நாளே வானதி அவர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். செழியன் தடுத்துவிட்டான். இத்தனைக்கும் பணியாதவன் அங்கே போய்ப் பணிவதா என்ற வீம்புதான், பெரிய யோசனை ஒன்றுமில்லை.

செழியனை அவன் வயல் மூலையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவர்கள் இருவரும் போனார்கள். தூரத்தில் தங்கையன் துண்டை உதறித் தோளில் போடுவது தெரிந்தது. ஒன்றும் காதில் விழவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு நின்றான். அங்கே பேசியதைப் பிறகு இசைவாணிதான் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு உடைப்பைக் கண்டு அடைக்கப் போனேன் என்கிறார், இப்படி ஒரு மனிதன் செய்வானா என்று அதிகாரி கேட்டாராம். தங்கையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடைச்சானா?” என்றாராம். என் கேள்வி அதுவல்ல என்று அதிகாரி சொல்ல, கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அதிகாரி பொறுமையாக அடுத்ததைக் கேட்டார். இந்த விவரம் இசைவாணிக்கே புதிது. பிடிபட்டபோது அவர் மேல் சட்டை இல்லை, எதற்காகக் கழற்றியிருப்பார்?

“அங்கல்லாம் வைக்கோல் கெடைக்காது போலருக்கு” என்றார் தங்கையன்.

அதிகாரி அதை இரண்டு தரம் மொழிபெயர்க்கச் சொன்னார். செழியனுடைய வாக்குமூலத்தில் இருந்த அதே விஷயம். சீல் வைத்த உறைக்குள் இருந்தது. கடைசியாக அவரோடு எப்போது பேசினீர்கள் என்று கேட்டார். ஆறு வருஷம் ஆச்சு என்றார் தங்கையன். யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? என் எதிரில் வந்து நின்று சொல்லிக்கொடுக்க இந்த ஊரில் எவன் இருக்கிறான் என்று எரிந்து விழுந்தவர், அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“போன வருஷம் தீபாவளிக்கு முந்தி அவன் லீவுல வந்திருந்தான். என் வயக்கரை ஒடச்சுக்கிச்சு. நான் ஓடுறதுக்குள்ள யாரோ அடைச்சிருந்தாங்க. மிதிச்ச தடம் பாத்தேன், எடது குதிகால் ஆழமா பதிஞ்சிருந்துச்சு. இந்த ஊர்ல எடது கால்ல மிதிக்கிறவன் அவன் ஒருத்தன்தான். அவனும் சொல்லல, நானும் கேக்கல.”

அப்படியானால் அவருக்குச் சாதகமாகத்தான் சொல்கிறீர்களா என்றார் அதிகாரி.

“எனக்கு அவனப் புடிக்காது. அதையும் எழுதிக்கங்க.”

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் வரப்பு வழுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கினார். கோபப்படவில்லை. செழியன் கை கொடுத்துத் தூக்கிவிட்டபோது அவன் பாதத்தை, அதிலும் இடது பாதத்தை, ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜீப் ஏறினார்.

மூன்று வாரத்தில் அரசாங்கத்தின் பதில் வந்தது. ஓட நினைத்ததற்கு ஆதாரம் இல்லை. ஆயுதத்தைக் கைமாற்றியதற்கும் உத்தரவின்றி எல்லை கடந்ததற்கும் கடுமையான எச்சரிக்கை. வேலை உண்டு. கடைசிப் பத்திதான் அருமை: பாசன வாய்க்கால் உள்ள எந்த எல்லைப் பகுதியிலும் இந்த ஜவானை இனிமேல் நிறுத்தக் கூடாது. ஆகவே பாலைவனம். சுற்றிலும் நாற்பது கிலோமீட்டருக்கு மணலைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட வானதி, கவர்மென்ட்டில் யாரோ ஒருத்தருக்கு என் புருஷனைச் சரியாகத் தெரிந்திருக்கிறது என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

கிளம்புகிற அன்று மினி பஸ்ஸுக்காகப் பெட்டியோடு நின்றார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து தங்கையன் மண்வெட்டியும் தோளுமாக வந்தார். எப்போதும்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார் என்றுதான் செழியன் நினைத்தான். நேராக எதிரில் வந்து நின்றுவிட்டார். எழுபத்து மூன்று நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையைப் பற்றியும் கேட்கவில்லை.

“நின்னுச்சா?” என்றார்.

இத்தனை பேர் இத்தனை மாதமாக இவனைக் குடைந்தார்களே, இந்த ஒன்றை ஒருவரும் கேட்கவில்லை. செழியனுக்குச் சிறையில் வராத அழுகை, பட்டப்பகலில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதானா வர வேண்டும்.

“தெரியலைங்க. மிதிச்சு முடிக்க விடல.”

தங்கையன் யோசித்தார். பஸ் வளைவில் திரும்பி ஹாரன் அடித்தது. வானதி பெட்டியைத் தூக்கினாள்.

“மிலிட்டரித் துணி கனமான துணி. நின்னுருக்கும்” என்று சொல்லிவிட்டு, அவர் தன் வயலைப் பார்க்க நடந்தார்.