ஸ்டெல்லா அக்கா ஓட்டிப் பார்க்காத வரி

செவ்வாய்க்கிழமை காலை, ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் தொழிற்சாலைக் கேன்டீனில் தே தாரிக் தேநீரை வாயில் வைத்தபோது ஸ்டெல்லா அக்காவின் கணவர் சேவியர் கைப்பேசியில் அழைத்தார். "அண்ணே, ஸ்டெல்லா போயிட்டாண்ணே" என்றார்.

ஸ்டெல்லா அக்கா சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். எங்கள் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்தார். பதவியில் நான் அவருக்கு மேல். ஆனாலும் எல்லாரையும்போல நானும் அக்கா என்றே அழைத்தேன். அவர் என்னை அண்ணே என்பார். வேலை முடிந்தபின் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. நாங்கள் பயன்படுத்தும் நிரல்மொழியின் கையேட்டில் யார் வேண்டுமானாலும் திருத்தம் முன்மொழியலாம். அதைப் பார்த்துச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் தன்னார்வலர்களில் அக்காவும் ஒருவர். கையேட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கும் நிரலை எழுதியபடியே கணினியில் ஓட்டிப் பார்ப்பார். ஓட்டாமல் எதையும் ஏற்கமாட்டார்.

அவரைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் ஒரு திருத்தம் அனுப்பினேன். எழுதுவதற்காகக் கோப்பைத் திறந்தால் பழைய தகவல் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கையை, ஊருக்கே தெரிந்ததுதானே என்று நீக்கியிருந்தேன். அக்கா மறுத்துவிட்டார்.

"ஒங்களுக்குத் தெரியும்ணே. இன்னைக்குத்தான் படிக்க வாரவங்களுக்குத் தெரியாதுலா" என்றார்.

மேலதிகாரியின் திருத்தத்தையே தள்ளுவதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் அவசரத்தில், ஒரு ஷிப்டின் சோதனைப் பதிவுகள் முழுவதையும் நானே அப்படித்தான் அழித்தேன். கையைப் பிசைந்துகொண்டு நின்றவனிடம் அக்கா வந்தார். "பேக்கப் இருக்குண்ணே. மொதல்ல அத எடுப்போம்" என்றார். அதன்பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. கூச்சத்தை விட்டு, நானும் திருத்தங்களைப் பார்க்கும் குழுவில் சேர்ந்தேன்.

உடல் முடியாமல் ஈப்போவில் மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. சராசரி கணக்கிடும் பக்கத்தைப் புதிதாக எழுதிக் கைப்பேசியிலிருந்தே அனுப்பினார். அதைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து தேவாலய வாசலில் சேவியர் கேட்டார்: "அவ கடைசியா எழுதுனது கையேட்டுல வந்துருச்சாண்ணே? பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை ஓட்டினேன். காலிப் பட்டியலைக் கொடுத்தால் பூஜ்யம் வரும் என்று எழுதியிருந்தார். வந்தது பிழைச் செய்தி. படுக்கையில் கணினி இல்லை. அந்த ஒரு வரியை அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. அப்படியே ஏற்றுவிட்டால் என்ன, யார் கேட்கப்போகிறார்கள் என்று மனம் அடித்துக்கொண்டது. சேவியரை அழைத்து உள்ளதைச் சொன்னேன்.

"தப்புன்னா போடாதீங்கண்ணே. அவ ஒத்துக்கவே மாட்டா" என்றார். குரல் உடையவில்லை.

அக்கா, முதல்முறையாக உங்கள் எழுத்துக்கு நேரே 'திருத்தம் தேவை' என்று குறித்தேன். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் பதில் போடுவீர்கள். நேற்று மாலை முழுவதும் காத்திருந்தேன். பிறகு அந்த ஒரு வரியை நானே மாற்றி, மூன்று முறை ஓட்டிப் பார்த்து, உங்கள் பெயரிலேயே ஏற்றிவிட்டேன். இப்போது சரியாக இருக்கிறது. போய்வாருங்கள்.