குச்சை விட்டு வெளியே வராதவள்

பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அது தொண்டையைத் தாண்டுவதற்குள் மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெயையும் விட்டால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். பதினாறு நாள் காலையில் அதைக் குடித்தவள் நான், நாக்கு இன்னும் மறக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. என் உடம்பு என்னைக் கேட்காமலே பல காரியங்களைச் செய்துகொண்டிருந்தது. ஆறு மாதத்தில் பாவாடை முழங்காலுக்கு ஏறியது, சட்டை தையல் விட்டது, மூக்கின் மேல் பரு முளைத்தது, செம்பட்டியில் எங்கள் தெருப் பையன்கள் எனக்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்தார்கள். எட்டாம் வகுப்பில் இருந்தேன். ஒருநாள் பாவாடையில் ரத்தத்தைப் பார்த்ததும், முந்தின நாள் தோட்டத்துக் கிணற்றில் குதித்ததில் உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று முடிவுகட்டி, அழுதுகொண்டே அம்மாவிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை; குலவையிட்டாள். கிணற்றில் குதித்ததற்குக் குலவையா என்று விழித்தேன்.

மறுநாளே ஒட்டன்சத்திரத்திலிருந்து தாய்மாமன் வந்து, வழக்கப்படி தன் கையாலேயே பச்சைத் தென்னை ஓலையில் வீட்டோரமாக ஒரு 'குச்சு' கட்டினார். பதினாறு நாள் நான் அதற்குள்தான். கால் நீட்ட முடியாது, அதுவும் கொக்குக் கால். உளுந்தங்களியும் முட்டையும் ஓலை இடுக்கு வழியாக வரும். விசாரிக்க வந்த டீச்சரிடம் அப்பா சொன்னதும் அதே இடுக்கு வழியாகத்தான் வந்தது.

"போதும் டீச்சர், பேரை அடிச்சிருங்க. வயசுக்கு வந்த புள்ளய ரோட்டுல அனுப்ப முடியாது."

அன்றிலிருந்து யோசித்தேன். உள்ளே வேறு வேலையும் இல்லை.

பதினாறாம் நாள் சடங்கு. 'ரேடியோ செட்' அலற, வாசலில் இலை போட்டுச் சனம் உட்கார்ந்திருந்தது. பெண்ணை வெளியே அழைத்துத் தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் குச்சைப் பிரித்து எரித்தால்தான் சோறு பரிமாறுவார்கள். நான் வெளியே வரவில்லை. அத்தைமார் கெஞ்சினார்கள், அம்மா வைதாள். பள்ளிக்கூடம் அனுப்புவதாகச் சொன்னால்தான் வருவேன் என்றேன். அப்பா குனிந்து பல்லைக் கடித்தார்.

"மொதல்ல வெளிய வா. பொறவு பாத்துக்கலாம்."

"மைக்குல சொல்லுங்கப்பா. அம்புட்டுப் பேருக்கும் கேக்கட்டும்."

மாமன் சிரித்துவிட்டார். "சொல்லிப்போடுங்க மச்சான். புள்ளயோட சேத்தா குச்ச எரிக்க முடியுமுங்க?"

பசித்த சனம் அப்பாவையே பார்த்தது. அவர் போய் மைக்கைப் பிடித்து, கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் குரலில், "எம்மக திங்கக்கெழம பள்ளிக்கூடம் போவா" என்று செம்பட்டி நாலு ரோட்டுக்கும் கேட்கச் சொன்னார்.

வெற்றி வீராங்கனையாக எழுந்தேன். கால் மரத்திருந்ததால் பெரியத்தை மேல் விழுந்தேன். திங்கட்கிழமை தாவணி தடுக்கி வகுப்பு வாசலிலும் விழுந்தேன். அப்பா இரண்டு மாதம் பேசவில்லை. நான் படித்தேன், பிறகு அந்நாளில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்பும் முடித்தேன். அடுத்த வருஷம் எங்கள் தெருவில் குச்சு கட்ட வேண்டிவந்த தகப்பன்மார், பள்ளிக்கூடப் பேச்சை மகளிடம் முதலில் தீர்த்துக்கொண்டுதான் ஓலை வெட்டத் தாய்மாமன் கையில் அரிவாளைக் கொடுத்தார்கள்.

இப்போது எங்கள் பக்கம் குச்சு கட்டுவாரில்லை. மண்டபம், வீடியோ என்று சடங்கு ஒரே நாளில் முடிந்து, மறுநாள் பெண் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறிவிடுகிறாள். பழைய வழக்கமெல்லாம் அழிந்துபோச்சே என்று விசேஷ வீடுகளில் யாராவது என்னிடம் அங்கலாய்த்தால், பதினாறு நாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் என்ற உரிமையில் சொல்லிவிடுகிறேன்: போகட்டும்.