கோயில் மேட்டில் இறங்கி நடந்த புவனேஸ்

புவனேஸ் நாற்பத்தாறு வயதில்தான் சைக்கிள் வாங்கினாள். பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு ஹோட்டல்காரர், விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்ட பழைய சைக்கிள்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அதில் நீல நிறத்தில் ஒன்றை அவளும் மகள் தனுஜாவும் பார்த்து எடுத்தார்கள்.

தேவை இருந்தது. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து, பத்தொன்பது வயதிலேயே தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலைக்குப் போனவள் அவள். லைனிலிருந்து தொழிற்சாலை ஐந்து நிமிட நடை. பள்ளத்தில் சொந்த வீடு கிடைத்துக் குடிவந்த பிறகு அதுவே ஆறு கிலோமீட்டர் ஆனது, முக்கால்வாசி மேடு. லோரி ஓட்டும் கணவர் நல்லுசாமி விடியுமுன்பே கிளம்பிவிடுவார். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் பரீட்சையில் அவள் இரண்டு தடவை தோற்றிருந்தாள். மூன்றாவது தடவைக்கு மனசு வரவில்லை.

சைக்கிளிலும் அவளுக்குப் பெரிய சாமர்த்தியம் கிடையாது. சமதரையில் மிதிப்பாள். மேடு செங்குத்தாக எழும்பினால், மூச்சு முட்டுவதற்கு முன்பே இறங்கிவிடுவாள். தள்ளிக்கொண்டே ஏறி, மறுபடி தரை சமமானதும் ஏறி உட்காருவாள். தொழிற்சாலைக்குச் சற்றுக் கீழே, முனீஸ்வரன் கோயிலை ஒட்டி நான்கு வளைவுகளோடு ஏறும் கோயில் மேட்டை அவள் ஒருநாளும் மிதித்து ஏறியதில்லை.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன புவனேஸ், சைக்கிள் ஒன்ன ஏத்திக்கிட்டுப் போவுதா, நீ சைக்கிள ஏத்திக்கிட்டுப் போறியா?"

"மாத்தி மாத்தி ஏத்திக்கிறோம்," என்பாள், நடையை நிறுத்தாமல்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. மழையானாலும் பனியானாலும் ஒருநாள்கூட அவள் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை.

போன ஆகஸ்டில் ஒரு சைக்கிள் ஓட்டம் நடந்தது. கம்போங் ராஜாவில் புறப்பட்டு, கியா பார்ம் காய்கறிச் சந்தை வழியாக, அவர்கள் தோட்டத்துக்குள் நுழைந்து தொழிற்சாலைத் திடலில் முடியும். இருபத்தோரு கிலோமீட்டர், மூன்று மணி நேரக் கெடு. தனுஜாதான் அம்மாவின் பெயரைப் பதிந்தாள்.

"எனக்கு மேடு ஏற வராதேடி," என்றாள் புவனேஸ்.

தனுஜா விதிமுறைத் தாளைப் படித்துக் காட்டினாள். "தள்ளிக்கிட்டு நடக்கலாமாம். வேற வண்டியிலதான் ஏறக் கூடாதாம்."

"அப்ப சரி லா."

ஞாயிற்றுக்கிழமை காலை நூற்று நாற்பது பேர் கிளம்பினார்கள். ஒவ்வொருவர் சைக்கிளும் பளபளவென்று மின்னியது. முதல் மேட்டிலேயே புவனேஸ் இறங்கினாள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் தன் பாட்டுக்கு நடந்தாள். கியா பார்ம் நெருங்கும்போது, தாண்டிப் போனவர்களில் பலர் காய்கறிக் கடைகளின் முன்னால் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு லோரி வந்துகொண்டிருந்தது. அதிலிருந்த தொண்டர் மகேன், அவள் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டினார்.

"அக்கா, ஏறிக்குங்க லா. சைக்கிளத் தூக்கிப் போட்டுக்கலாம்."

"நடக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"அப்படி இல்லக்கா..."

"அப்ப வழிய விடுங்க."

கியா பார்ம் தாண்டித் தோட்டத்துச் சாலையில் இறக்கம். காற்று காதில் இரைந்தது. அது முடிந்ததும் கோயில் மேடு.

கோயில் வாசலில் தொழிற்சாலைப் பெண்கள் இனிப்புச் சிரப் கலந்த தண்ணீரோடு நின்றிருந்தார்கள். ஆனால் அந்த நேரம் யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. அவர்கள் கண்ணெதிரே, ஓட்டத்தில் கலந்துகொண்ட தோட்டத்து மேனேஜர் லோகேஸ்வரன் துரை சைக்கிளோடு சரிந்து கிடந்தார். இரண்டு வளைவு வரை எழுந்து நின்று மிதித்துப் பார்த்திருக்கிறார். முன்சக்கரம் இப்படியும் அப்படியும் அலைந்து, வண்டி அப்படியே நின்று, பக்கவாட்டில் விழுந்துவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு. சிரிக்கவும் முடியாமல், கிட்டப் போகவும் முடியாமல் பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

புவனேஸ் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"தொர, பலமா அடிபட்டிருச்சா?"

"இல்ல, இல்ல." அவர் எழுந்தார். மறுபடி சைக்கிளில் காலைப் போடப் பார்த்தார்.

"இதுல மிதிக்க முடியாதுங்க. தள்ளிக்கிட்டு வாங்க. இன்னும் ரெண்டு வளைவுதான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பாக்குறாங்க புவனேஸ்."

"என்னய ரெண்டு வருஷமா பாக்குறாங்க. ஒண்ணும் ஆவல."

அவர் தூக்கிய காலை இறக்கினார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தார். கைகளை விறைப்பாக நீட்டித் தள்ளியதில் அவர் சைக்கிள் பள்ளத்துப் பக்கம் இழுத்தது.

"சீட்ட இடுப்புல சாச்சுக்குங்க. கை சும்மா திருப்புறதுக்குத்தான். இடுப்பால தள்ளுங்க," என்றாள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அவளுக்குப் பேச மூச்சு மிச்சமிருந்தது. தன் மூச்சு இவ்வளவு சீராக வருவதை அன்றுதான் அவளே கவனித்தாள். உள்ளுக்குள் ஒரு பெருமிதம் கிளம்பியது.

கீழே நின்ற தொழிற்சாலைப் பெண்களில் ஒருத்தியான செல்லத்தின் குரல் கேட்டது. "அடியே புவனேஸ், தொரய வுட்டுட்டுப் போயிராதடி!"

அத்தனை பெண்களும் வெடித்துச் சிரித்தார்கள். துரையும் சிரித்துவிட்டார். சிரிப்பில் அவர் நடை தளர்ந்தது. "நீங்க போங்க, நான் வந்துடுறேன்," என்று அவளை முன்னால் அனுப்பினார்.

உச்சியில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து திடலுக்குள் நுழைந்தபோது கிளம்பி இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிஷம் ஆகியிருந்தது. முப்பத்தோரு பேர் லோரியில் வந்து இறங்கியிருந்தார்கள். அவள் கழுத்தில் பதக்கத்தை மாட்டிய அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார்.

"எல்லா மேட்டையும் மிதிச்சே ஏறிட்டீங்களா அக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கே யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"இல்லங்க. ஏழு எடத்துல எறங்கி நடந்தேன். களைச்சுப் போயி எங்கயும் நிக்கல."

கூட்டத்தில் யாரோ விரலை வாயில் வைத்து நீளமாகச் சீட்டியடித்தார்கள். திரும்பிப் பார்த்தாள். நல்லுசாமி. கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவருக்குச் சீட்டியடிக்க வரும் என்பதே அவளுக்குத் தெரியாது.