பாஸ்கரனின் புல்வெளி

நேரசைக்கு ஒரு மணி, நிரையசைக்கு இரண்டு மணி. ஜெர்மனியில், எர்லாங்கன் நகரத்துத் தெருவில் பாஸ்கரனின் சைக்கிள் மணி அடித்தால் வெண்பா போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முன்னால் நடக்கும் ஜெர்மானியர்கள் பதறி ஒதுங்குவார்கள். அவர் ஈற்றடியை முடித்துவிட்டுத்தான் நன்றி சொல்வார். பகலில் கம்பெனி என்ஜினியர். மிச்ச நேரத்தில் அமெரிக்கப் புல்வெளிக் கவிஞர்.

அமெரிக்காவை அவர் பார்த்ததில்லை. ஒரு காலண்டர் படத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையைப் பார்த்தார், சுதந்திரப் பிரகடனத்தைப் படித்தார், இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டார். "மேடு பள்ளமே இல்லாத ஊரும்மா. அங்க உக்காந்து எல்லாரும் சமம்னு எழுதாம வேற என்ன எழுதுவாங்க? இட்ஸ் லாஜிக்கல்." மனைவி பாமா தோசை திருப்பும்போதெல்லாம் இதைக் கேட்டிருக்கிறாள். சந்தேகம் வந்தால் ஆற்றங்கரைப் புல்தரையில் போய் நிற்பார். பசுக்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேயும்.

1976 ஜூலையில் அமெரிக்காவுக்கு இருநூறு வயது. எர்லாங்கனில் இருந்த அமெரிக்க நூலகத்து விழாவில் பாஸ்கரனுக்கும் மேடை கிடைத்தது. புல்வெளியில் பிறந்தவர் ஒருவராவது 'ஆமாம், இதுதான் எங்கள் ஊர்' என்று சொல்லிவிட வேண்டும்; அவருக்கு வேறு ஆசை இல்லை. மேடைக்கென்று எழுதியதில் அவர் உயிராக நினைத்த குறள் வெண்பா இது:

மடைதிறந்து நீர்தந்தான் மாற்றான் வயற்கும்
தடையின்றி ஓங்கும் சமம்.

"அங்க வாய்க்கால் இருக்கான்னு யாரையாவது கேட்டீங்களா?" என்றாள் பாமா.

"வாய்க்கால் இல்லாம வயல் எப்படிம்மா?" காவிரித் தண்ணீரில் வளர்ந்தவருக்கு அது ஒரு கேள்வியே அல்ல.

விழாவன்று, கான்சஸ் புல்வெளியில் பிறந்த எட்னா என்ற அம்மாளைத் தேடிப் பிடித்து, ஆங்கிலத்தில் பொருள் சொன்னார்.

"அழகாக இருக்கிறது," என்றார் எட்னா. "ஆனால் எங்கள் பக்கம் வாய்க்கால் கிடையாது. வானத்தை நம்பித்தான் விதைப்போம்."

பாஸ்கரனுக்கு முகம் தொங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது, பாமாவுக்கே.

"மழை பொய்த்த ஒரு வருஷம் எங்கள் கிணறு வற்றிவிட்டது," என்று எட்னா தொடர்ந்தார். "அப்பாவோடு வேலித் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்துப் பண்ணைக்காரர், தினமும் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் மாடுகளுக்கு ஊற்றினார். அப்போதும் பேசவில்லை."

மேடையிலிருந்து பாஸ்கரன் பெயரைக் கூப்பிட்டார்கள். இந்த அழைப்பை நினைத்து அவருக்குச் சில வாரமாகச் சோறு இறங்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"போங்க, கூப்பிடுறாங்க," என்று பாமா முழங்கையால் இடித்தாள்.

பாஸ்கரன் மேடையைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினார். மறு கையால் ஒரு நாற்காலியை எட்னாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.